அப்பா இல்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை: முதல் ஒன்றரை வருடத்துக்கு ஒரு வழிகாட்டி

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பந்தல்காரர் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை எண்ணி வண்டியில் ஏற்றினார். இரண்டு குறைந்தன. ஒன்று மொட்டை மாடியில் கிடந்தது, இன்னொன்று அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அதுவரைக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆள் இருந்தது. யார் கொள்ளி வைப்பது, பால் தெளிக்க எப்போது போவது, எத்தனை பேருக்குச் சமைப்பது, எல்லாவற்றுக்கும் முறை உண்டு, முறை தெரிந்த பெரியவரும் உண்டு. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முறை எதுவும் இல்லை.

எங்கள் வீட்டில் ஞாயிறு அப்பாவின் பொறுப்பு. திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் வேலை பார்த்தவர். ஆறு நாள் பணிமனைச் சங்குக்குக் கட்டுப்பட்டிருந்த மனிதர், ஏழாவது நாளைத் தன் இஷ்டப்படி நடத்தினார். காலையில் கறிக்கடை, மத்தியானம் அவர் கைக் குழம்பு, மூன்று மணிக்குக் கேரம், வெயில் தாழ்ந்ததும் டிவிஎஸ் வண்டியில் பேரப்பிள்ளைகளோடு ஒரு சுற்று. ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. அவர் போனபின் நாங்கள் வரிசையாக நான்கு ஞாயிறு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். அழவில்லை, சும்மாதான் இருந்தோம். எதையும் ஆரம்பித்து வைக்கிற ஆள் போய்விட்டார், அவ்வளவுதான்.

அதிலிருந்து வீட்டை மறுபடி ஓட வைத்த கதையைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சரியாக வந்ததும் உண்டு, சொதப்பியதும் உண்டு. அம்மாவை இழந்த வீடுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் காலக்கெடு உள்ளவற்றை முடியுங்கள்

நினைவுகள் காத்திருக்கும். சில காகிதங்களும் ஒரு சிம் கார்டும் காத்திருக்காது.

வீட்டில் தினசரி காலண்டர் இருந்தால் அவர் இறந்த நாளின் தாளைக் கிழித்துப் பத்திரப்படுத்துங்கள். எங்கள் வீட்டில் காலண்டர் கிழிப்பது அப்பாவின் காலை வேலை. அவர் போன நாளிலேயே அது ஒன்பது நாள் நின்றிருந்தது. என் மனைவி ஒரேயடியாக ஒன்பதையும் கிழிக்கப் போனபோது அத்தைதான் தடுத்தார். அந்த ஒரு தாளில் தமிழ் மாதம், பிறை, திதி எத்தனை மணி வரை என்பதெல்லாம் இருக்கிறது. பின்னால் திதி கொடுக்க அதுதான் ஆதாரம். உயிர் பிரிந்த நேரத்தையும் தாளின் ஓரத்தில் எழுதிவையுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் கட்டணம், அனுமதி என்று அலைச்சல் கூடும். பென்ஷன், வங்கி, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் இதற்குப் பிறகுதான் நகரும். அவர் பெயரில் வண்டி இருந்து, நீங்கள் ஓட்டப் போகிறீர்கள் என்றால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். அப்பாவின் டிவிஎஸ் ஓடினால்தான் எங்கள் ஞாயிறு ஓடும் என்பதால் இதை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

போன் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். "இனி யாருக்கு இந்த நம்பர்" என்று ரீசார்ஜை நிறுத்திவிடாதீர்கள். ப்ரீபெய்டு எண் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் விட்டுவைப்பார்கள். அதன்பின் அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப் கணக்கும் 120 நாள் திறக்காமல் இருந்தால் அழிக்கப்படும். கூகுள் கணக்குக்கு இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. ஆகவே குறைந்தது ஆறு மாதமாவது எண்ணை உயிரோடு வைத்திருங்கள். அதற்குள் வங்கி, கேஸ், கரண்ட் பில் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றிவிடுங்கள். ஓடிபி அந்த போனுக்குத்தான் வரும்.

அப்புறம் குரல். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் மீடியா ஃபோல்டருக்குள் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று தனி ஃபோல்டர் இருக்கும். உள்ளே ஆறு இலக்கப் பெயரில் வரிசையாகச் சின்னச் சின்ன ஃபோல்டர்கள். முதல் நான்கு இலக்கம் வருடம், அடுத்த இரண்டு அந்த வருடத்தின் எத்தனையாவது வாரம் என்பது. மொத்தத்தையும் அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். ஒரு நகல் பென் டிரைவில், ஒன்று தங்கை வீட்டில் என்று இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும். உட்கார்ந்து கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்பா எனக்கு அனுப்பியிருந்த குரல் பதிவுகளில் முக்கால்வாசி "வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வா" வகை. பெரிய அறிவுரை ஏதாவது கிடைக்கும் என்று தேடினேன், கிடைக்கவில்லை. இப்போது கொத்தமல்லியே போதும் என்றிருக்கிறது.

சொத்துக்கு முன்னால் வேலையைப் பங்கு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரு நோட்டை எடுத்து, போனவர் அந்த வீட்டில் தினமும் வாரமும் வருடத்துக்கு ஒருமுறையும் செய்துவந்த வேலைகளை எழுதுங்கள். எல்லோரும் கூடியிருக்கும்போது, சாப்பிட்டு முடித்த கையோடு எழுதினால் நல்லது. ஆளுக்கு ஒன்று நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் முதல் நாள் 11 வந்தது. ஒரு மாதத்தில் 23 ஆனது. சில வேலைகளை அவர் செய்துகொண்டிருந்தார் என்பதே, அவை நின்றுபோன பிறகுதான் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த அன்று 'மோட்டாரை நிறுத்துவது' பட்டியலில் ஏறியது. இரும்புக் கேட் கிறீச்சிட ஆரம்பித்ததும் 'கீலுக்கு எண்ணெய் விடுவது'. காலண்டர் கிழிப்பது, பேப்பரில் ராசிபலனைச் சத்தமாகப் படித்து அம்மாவை எரிச்சல்படுத்துவது, பக்கத்து வீட்டு நாய்க்கு எலும்பு எடுத்துவைப்பது, அத்தைக்கு வெள்ளிக்கிழமை போன் போடுவது, ஆடிப் பதினெட்டுக்குப் புளிக்காய்ச்சல் கிளறுவது. எல்லாம் எழுதினோம்.

எழுதிய பிறகு ஆள் ஒதுக்குங்கள். இதில் சில அனுபவங்கள்:

வேலையை 'எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடாதீர்கள். அது நடக்காது. ஒரு வேலைக்கு ஒரு பெயர்.

சின்னப் பிள்ளைகளுக்கு நிஜமான வேலை கொடுங்கள். எட்டு வயது மகனுக்குக் காலண்டர் போனது. தினமும் நாற்காலி போட்டு ஏறிக் கிழித்து, தாத்தாவைப் போலவே "இன்னைக்கு ராகு காலம் ஏழரை ஒன்பது, வெளிய போறவங்க பாத்துப் போங்க" என்று அறிவிப்பான். திங்கட்கிழமைக்குத்தான் அது சரி. அவன் ஏழு நாளும் அதையே சொன்னான்.

வீட்டில் எல்லோரிடமும் உள்ள திறமையைப் பார்த்துக் கொடுக்காதீர்கள், விருப்பத்தைப் பாருங்கள். அப்பாவின் வெள்ளிக்கிழமை போன் என் பங்குக்கு வந்தது. எனக்குப் போனில் பேச வராது. முதல் மூன்று வெள்ளி "சாப்பிட்டீங்களா அத்தை" தாண்டவில்லை. மகள் எடுத்துக்கொண்டாள், இப்போது முக்கால் மணி நேரம் ஓடுகிறது.

சில வேலைகளை விட்டுவிடலாம். ராசிபலனை யாரும் எடுக்கவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "அதை வேற யாராவது படிச்சா நான் பேப்பரையே நிறுத்திடுவேன்" என்றார்.

அம்மாவை மூலையில் உட்கார வைக்காதீர்கள்

இருக்கிற பெற்றவரை நாம் இரண்டு விதமாகக் கெடுக்கிறோம். ஒன்று, எந்த வேலையும் செய்யவிடாமல் "நீங்க உக்காருங்கம்மா" என்பது. இன்னொன்று, மாதம் ஒரு பிள்ளை வீடு என்று பையோடு அனுப்புவது. இரண்டும் பாசத்தில்தான் நடக்கிறது. நாங்கள் இரண்டையும் செய்தோம். கோயம்புத்தூரில் தங்கை வீட்டுக்குப் போன அம்மா பதினோராவது நாள் போன் செய்து, கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறீர்களா என்று கேட்டார். மறுநாள் மறுபடி கேட்டார். மூன்றாம் நாள் நான் போய்க் கூட்டிவந்தேன். முதல் ஆறு மாதமாவது அவரவர் வீட்டில், அவரவர் அடுப்படியில் இருக்க விடுங்கள்.

பூ, பொட்டு, வளையல், புடவை நிறம் பற்றி உறவுக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் கருத்து சுருக்கமானது: அது அம்மாவின் தலை, அம்மாவின் நெற்றி. அவர் என்ன முடிவெடுத்தாலும் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டும். எங்கள் அம்மா சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டார், பூ வேண்டாம் என்றுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. யாரையும் கேட்க விடவுமில்லை.

இப்போது கேரம் விஷயத்துக்கு வருகிறேன். நாலு பேர் ஜோடி போட்டு ஆடுகிற ஆட்டத்தில் ஒரு ஆள் இல்லாமல் போனால் பலகையையே மடித்துவைத்துவிடுவார்கள். பாதி வீடுகளில் பொழுதுபோக்கு இப்படித்தான் சாகிறது. நான், மகள், மகன். நாலாவது இடம் காலி. மூன்று பேராக ஆடிப் பார்த்தோம், எதிரில் ஆள் இல்லாத பக்கத்தையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஞாயிறு மகன் போய்ப் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்து வந்தான். நாற்பது வருடமாக அந்த ஆட்டத்துக்குக் காபி மட்டும் போட்டுக் கொடுத்தவர், முதன்முதலாகப் பலகை முன்னால் உட்கார்ந்தார். ஸ்ட்ரைக்கரை ஆள்காட்டி விரலால் சுண்டாமல், கட்டைவிரலைப் பின்னால் மடக்கி, கோலிக்குண்டு அடிப்பதுபோல் அடித்தார். போரிக் பவுடர் முகத்தில் தெறித்தது. முதல் அடியில் சிவப்பு உள்ளே போனது, கூடவே ஸ்ட்ரைக்கரும். "அப்ப காயினை எடுத்து வெளிய வை" என்று மகள் விதியைச் சொன்னாள். "உங்க தாத்தா எடுத்து வெச்சதே இல்ல, நான் பாத்திருக்கேன்" என்றார் அம்மா. அப்பா வருடக்கணக்காகப் பிள்ளைகளை ஏமாற்றி ஆடியது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

ஆக, காலியான இடத்தை அப்படியே விடாதீர்கள். வீட்டில் அந்த ஆட்டத்தை வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர் யாரோ அவரை உட்கார வையுங்கள். அவரிடம் நீங்கள் அறியாத பாதிக் கதை இருக்கும்.

பிள்ளைகளிடம் நேராகச் சொல்லுங்கள்

"தாத்தா தூங்குறார்", "ஊருக்குப் போயிருக்கார்" வேண்டாம். தூங்கினால் எழவேண்டும், ஊருக்குப் போனால் திரும்ப வரவேண்டும் என்பது குழந்தையின் கணக்கு. சில பிள்ளைகளுக்கு இரவில் கண்ணை மூடவே பயம் வந்துவிடும். "செத்துப்போயிட்டார், உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, இனிமே வலிக்காது, திரும்ப வரமாட்டார்" என்று சொல்லிவிடுங்கள். சாமியிடம் போனார் என்பதை அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அதே கேள்வி இருபது முறை வரும். இருபது முறையும் அதே பதிலைச் சொல்ல வேண்டியதுதான். சாப்பிட்டு முடித்த அடுத்த நிமிடம் விளையாட ஓடிவிட்டால், அவர்களுக்குத் துக்கம் இல்லை என்று நினைக்காதீர்கள். அவர்கள் துக்கம் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவேளை விட்டு வருவது.

பண்டிகை இல்லாத வருடம்

இறந்த வருடம் பண்டிகை கிடையாது என்பது நம் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளின் வழக்கம். வாசலில் பெரிய கோலம் இல்லை, புதுத்துணி இல்லை, தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது. பலகாரம் அக்கம்பக்கத்திலிருந்தும் சொந்தத்திலிருந்தும் வரும். இந்த வழக்கம் எனக்குப் பிடித்தே இருந்தது. முறுக்கு சுடவேண்டிய கட்டாயத்திலிருந்து அம்மாவுக்கு ஒரு வருட விடுப்பு. தீபாவளியன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் ஏழு வீட்டு அதிரசம் இருந்தது. எது யார் வீட்டுது என்று கண்டுபிடிக்கும் போட்டியில் அன்றைய பொழுது போனது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இளகுங்கள். மகனுக்குப் பட்டாசு இல்லை என்று முதலில் நான் கறாராக இருந்தேன். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவன் மற்றவர்கள் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாதான் ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியைக் கொடுத்து அனுப்பினார். "அவரு இருந்திருந்தா சரவெடியே வாங்கிக் கொடுத்திருப்பாரு." மாதம் ஒருமுறை வெளியே சாப்பிடுவது, பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவது போன்றவை பண்டிகைக் கணக்கில் வருமா என்று வீட்டுக்கு வீடு சண்டை வரும். முதல் மாதமே உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டால், ஒவ்வொரு முறையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை.

அத்தையோடு ஒரு மத்தியானம்: புகைப்படங்கள்

அப்பாவின் சின்ன வயது தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பவர் மணப்பாறை அத்தை மட்டும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆல்பங்களோடு போய் உட்காருங்கள். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "அப்பாவைப் பத்திச் சொல்லுங்க அத்தை" என்று ஆரம்பித்தால் "நல்லவன், என்னத்தச் சொல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார், அதோடு முடிந்தது. படத்திலுள்ள பொருளைக் கேளுங்கள். இந்தச் சட்டை யாருது? பின்னால் தெரிகிற சைக்கிள் நம்முடையதா? இந்த இடம் எது? 1970களின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றில் அப்பா கோட்டு போட்டு நிற்பார். கோட்டைப் பற்றிக் கேட்டேன். அது ஸ்டூடியோக்காரருடைய கோட்டு, பின்பக்கம் கிழிந்திருக்கும், ஊரில் அத்தனை மாப்பிள்ளைகளும் அதைப் போட்டுத்தான் படம் எடுத்துக்கொண்டார்கள் என்று ஆரம்பித்து இரண்டு மணி நேரம் பேசினார்.

படங்களின் பின்னால் பெயர்களைப் பென்சிலில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் பதித்துவிடும். ஸ்கேன் செய்யும்போது சாதாரண அளவுப் படத்துக்கு 300 டிபிஐ போதும், பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 600 வையுங்கள். ஒட்டும் தாள் வைத்த பழைய ஆல்பங்களில் படம் பிடித்துக்கொண்டிருக்கும். இழுக்காதீர்கள், பல் இடுக்கில் விடுகிற மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்தால் வந்துவிடும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள். நான் ஒன்றைப் பிரிக்கப் போய்த் தாத்தாவின் மீசையில் பாதி கண்ணாடியோடு போய்விட்டது. லேமினேஷன் கூடாது. அதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

கை அளவைத் தராசில் பிடியுங்கள்

அப்பாவின் கறிக்குழம்பு அவரோடு போய்விட்டது. நாங்கள் யாரும் எழுதிவைக்கவில்லை. அம்மாவின் நினைவை வைத்து ஆறு ஞாயிறு முயன்று ஏதோ ஒரு குழம்பு வந்தது. நன்றாகவே இருந்தது, ஆனால் அது வேறு குழம்பு. சரி, போகட்டும்.

இருக்கிறவரின் சமையலையாவது பிடித்துவைக்க ஒரு வழி கண்டுபிடித்தோம். "எவ்வளவும்மா?" என்று கேட்டால் "ஒரு கை" என்பார். ஸ்பூனைக் கொடுத்து அளக்கச் சொன்னால் கை தடுமாறி ருசியே மாறிவிடும். அதனால் அவரை அவர் போக்கில் சமைக்க விடுங்கள். சமைக்கும் முன் மிளகாய்த்தூள் டப்பா, புளி ஜாடி, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் சின்ன எலக்ட்ரானிக் தராசில் எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் மறுபடி எடைபோடுங்கள். குறைந்ததுதான் கை அளவு. மூன்று முறை செய்து பார்த்ததில், அம்மாவின் 'ஒரு கை' சாம்பார்ப் பருப்பு ஒவ்வொரு முறையும் 50 கிராமை ஒட்டியே வந்தது.

திதியைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாததால் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். விஷயம் சிக்கலானது இல்லை. தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி. இந்த மூன்றும்தான் முகவரி. அப்பாவுக்கு மாசி, தேய்பிறை, சப்தமி. ஒரு சந்திர மாதத்தில் 30 திதிகள். ஒரு திதி என்பது ஒரு நாள் அல்ல. சந்திரனின் வேகத்தைப் பொறுத்து சுமார் 19 மணி நேரமாகவும் இருக்கும், 26 மணி நேரமாகவும் இருக்கும். பகலிலோ நடு இரவிலோ மாறும். அதனால்தான் உயிர் பிரிந்த நேரத்தை எழுதச் சொன்னேன். காலையில் சஷ்டி, மாலையில் சப்தமி என்றால் நேரம்தான் தீர்ப்பு சொல்லும். சந்திர வருடம் 354 நாள் என்பதால் ஆங்கிலத் தேதி வருடாவருடம் நகரும். பஞ்சாங்கத்தில் 'சிராத்த திதி' என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒரே தமிழ் மாதத்தில் அந்தத் திதி இரண்டு முறை வந்தாலோ, வராமலே போனாலோ உங்கள் வீட்டுப் புரோகிதரையோ மூத்தவரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

திதி தெரியாதவர்களுக்குப் புரட்டாசி மகாளய அமாவாசை இருக்கிறது. ஆடி, தை அமாவாசைகளும் உண்டு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம், பவானி கூடுதுறை, ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் எல்லாம் அன்று நிரம்பி வழியும். கூட்டம் ஆகாது என்றால் வீட்டிலேயே காக்கைக்குச் சோறு வைத்துப் படையல் போடலாம். கிறிஸ்தவ நண்பர் வீட்டில் நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று கல்லறையைக் கழுவிப் பூ வைத்துவிட்டு, அப்படியே மொத்தக் குடும்பமும் ஓர் இடத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். நான் பார்த்ததில் நினைவுநாளும் குடும்பப் பொழுதும் இவ்வளவு இயல்பாகக் கலந்தது அங்கேதான்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தேதிதான் மனதில் நிற்கும். எங்கள் வீட்டில் இரண்டையும் வைத்துக்கொண்டோம். திதி அம்மாவுடையது. தேதி பேரப்பிள்ளைகளுடையது, அன்று தாத்தாவுக்குப் பிடித்த வெங்காய போண்டா.

ஆள் சரியாக இல்லை என்று தெரிந்தால்

மாதங்கள் கழித்தும் யாராவது சாப்பிடாமல், தூங்காமல், குளிக்கக்கூட எழாமல் கிடந்தால் அதை 'பாசம்' என்று பெயர் வைத்து விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். "நானும் போயிடறேன்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பழைய இடத்துக்குத் திரும்பப் போவது

வருஷத் திதி முடிந்ததும் வழக்கமாகப் போகும் இடத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். எங்களுக்கு அது முக்கொம்பு. திருச்சியிலிருந்து கரூர் சாலையில் 18 கிலோமீட்டர், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற இடம். 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கேதான் இருந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து போனபோது அப்பா எங்களையெல்லாம் கூட்டிப் போய்க் காட்டி, ரிவெட்டு எங்கே விட்டிருக்கும் என்று பணிமனை பாஷையில் அரை மணி நேரம் விளக்கினார். பக்கத்தில் நின்றவர்கள் அவரைப் பொதுப்பணித்துறைக்காரர் என்றே நினைத்துவிட்டார்கள்.

இரண்டாவது ஆடிப் பதினெட்டுக்குத்தான் நாங்கள் போனோம். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்திருந்தால் ஆகஸ்ட் 2, 3 வாக்கில் ஆற்றில் நல்ல தண்ணீர் இருக்கும், கூட்டமும் இருக்கும். கூட்டம் வேண்டாதவர்கள் அதற்கு முந்தைய ஞாயிறு போங்கள். தண்ணீர் அதிகம் திறந்தால் குளிக்க விடமாட்டார்கள், அன்று காலைச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அவர் உட்காரும் மரத்தடிதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். எங்களுக்கு அது கிடைக்கவில்லை, வேறு குடும்பம் பாய் விரித்திருந்தது. இரண்டு மரம் தள்ளி உட்கார்ந்தோம்.

புளிக்காய்ச்சல் பட்டியலில் என் பெயருக்கு எதிரே இருந்தது. ஒரு கிலோ அரிசிக்கு 150 கிராம் புளி, தாராளமாக நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த மல்லியும் வெந்தயமும், வேர்க்கடலை. முந்தின நாள் ராத்திரி பத்து மணிவரை நின்று கிளறினேன். ஆற்றங்கரையில் இலையைப் பிரித்து எல்லோரும் ஒரு வாய் வைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. பல் கூசும் புளிப்பு.

"வெல்லம் கிள்ளிப் போட்டியா?" என்றார் அம்மா.

"அப்பா வெல்லம் போடுவாரா?"

"எனக்குத் தெரியக்கூடாதுன்னு கடைசில போடுவாரு. புளியோதரைக்கு வெல்லம் ஆகாதுன்னு நான் சண்டை போடுவேன்ல."

மகள் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். தயிர்சாதம் நிறைய இருந்ததால் யாரும் பசியோடு திரும்பவில்லை. நோட்டில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் கீழே அரைப் பக்கமாவது காலி விட்டுவையுங்கள், இப்படி ஏதாவது வந்துகொண்டே இருக்கும்.

கடைசியாக ஒன்று. புது வருடத் தினசரி காலண்டர் கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் திதி எந்தத் தாளில் வருகிறது என்று தேடி, மூலையை மடித்துவிடுங்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு அப்போதே சொன்னால்தான் ரயில் டிக்கெட் கிடைக்கும். இந்த வருடம் எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை வருகிறது. காலையில் அம்மா மண்டபம், மத்தியானம் படையல், மூன்று மணிக்குத் தங்கை வீட்டாரும் சேர்ந்து கேரம். போரிக் பவுடர் தீர்ந்துபோய் இரண்டு வாரமாகிறது, அது மகன் பெயரில் இருக்கிறது. ஞாபகப்படுத்த வேண்டும்.